நெட்ஹேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்ஹேக் என்ற கணினி ஆட்டத்தை ஆடுகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக. விதிகளைச் சொல்லும் இடங்களில் 3.6 வரிசைப் பதிப்பையே கணக்கில் எடுத்திருக்கிறேன். கடைசிக் கேள்விகளில் ஆட்டத்தின் முடிவுப் பகுதி வெளியாகிவிடும். அது வேண்டாம் என்பவர்கள் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நெட்ஹேக்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு நிலவறைக்குள் இறங்கி, அதன் அடியாழத்தில் இருக்கும் யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி மேலே ஏறிவந்து உங்கள் கடவுளுக்குப் படைக்க வேண்டும். கதை அவ்வளவுதான். நடுவில் ஏறக்குறைய ஐம்பது தளங்கள், நூற்றுக்கணக்கான பிராணிகள், நூற்றுக்கணக்கான பொருள்கள். இவை ஒன்றோடொன்று உரசும்போது என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான ஆட்டம். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால்தான் அங்கே ஒரு டர்ன் நகரும். அழுத்தாதவரை உலகமே நின்று காத்திருக்கும்.

1980-இல் வந்த ரோக் என்ற ஆட்டம்தான் மூலம். அதைப் பார்த்து ஜே ஃபென்லாசன் பள்ளி நண்பர்களோடு சேர்ந்து 1982 வாக்கில் ஹேக் எழுதினார். ஆண்ட்ரீஸ் ப்ரௌவர் அதை விரித்து 1984-இல் யூஸ்நெட் என்ற கணினிவலை விவாதக் களத்தில் வெளியிட்டார். ஆளாளுக்கு ஒரு ஹேக் கிளம்பியபோது அவற்றை ஒன்றுசேர்த்து மைக் ஸ்டீபன்சன் 1987-இல் வெளியிட்டதுதான் நெட்ஹேக். அன்றிலிருந்து இன்றுவரை இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

வெறும் எழுத்தும் புள்ளியுமாத்தான் தெரியுது. படமே கிடையாதா?

உண்டு. சிறு சிறு படக் கட்டங்களோடு ஆடும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பழகியவர்களில் பலர் எழுத்தையே விரும்புகிறார்கள். @ என்பது நீங்கள். சின்ன டி என்றால் நாய் நரி வகை, சின்ன எஃப் என்றால் பூனை வகை, பெரிய டி வந்தால் டிராகன். நிறம் இனத்தைப் பிரித்துக்காட்டும். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு சிவப்பு ஏ ஒன்று மூலையில் தெரிந்தாலே நெருப்பெறும்பு என்று கை தானாக நின்றுவிடும்.

தெரியாத குறி எதுவாக இருந்தாலும் அரைப்புள்ளி விசையை அழுத்தி, அதன்மேல் நகர்த்திக் கேட்கலாம். அதற்கு டர்ன் செலவாகாது. புதியவர்கள் அதிகம் பயன்படுத்தாத விசையும் இதுதான், அதிகம் பயன்படுத்த வேண்டிய விசையும் இதுதான்.

எல்லா விசைக்கும் ஒரு வேலையாமே. எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?

எல்லாவற்றையும் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நகர்வதற்கு எச், ஜே, கே, எல் அல்லது எண் விசைகள். எடுக்க, சாப்பிட, குடிக்க, படிக்க, ஆயுதம் பிடிக்க, கவசம் மாட்ட, எறிய, படியேற, படியிறங்க. இந்தப் பத்துப் பன்னிரண்டு போதும், மற்றவை தேவை வரும்போது வரும். கேள்விக்குறி விசையை அழுத்தினால் முழுப் பட்டியலும் கிடைக்கும்.

சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறு வேறு வேலை என்பதை மட்டும் மறக்காதீர்கள். கேப்ஸ் லாக் போட்டபடி ஆடுவது தற்கொலைக்குச் சமம்.

செத்தா முதல்ல இருந்தா? சேவ் பண்ணவே முடியாதா?

சேமிக்கலாம். ஆனால் அது நடுவில் எழுந்து போவதற்கு மட்டும். திரும்பத் திறந்ததும் அந்தச் சேமிப்புக் கோப்பு அழிந்துவிடும். இறந்தால் அந்த ஆட்டம் முடிந்தது. கோப்பை முன்னாலேயே வேறிடத்தில் நகலெடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணினி, உங்கள் விருப்பம். ஆனால் அதில் ஜெயித்ததை யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது.

பழகிப்பார்க்க மட்டும் வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோர் மோட் என்று ஒன்று ஆட்டத்திலேயே இருக்கிறது. இறக்கும்போது “சாகவா?” என்று கேட்கும். இல்லை என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். மதிப்பெண் பட்டியலில் மட்டும் சேராது.

ஒவ்வொரு தடவையும் எல்லாமே மாறிடுமா? அப்போ கத்துக்கிட்டது வீணா?

அறைகளும் வழிகளும் மாறும். மருந்துக் குப்பிகளின் நிறமும் மந்திரச் சுருள்களின் பெயரும் கலைத்துப் போடப்படும். போன ஆட்டத்தில் குணப்படுத்திய பச்சைக் குப்பி இந்த ஆட்டத்தில் தூங்கவைக்கலாம். ஆனால் விதிகள் மாறாது. குணப்படுத்தும் மருந்து எந்த நிறத்தில் வந்தாலும் அதன் அடிப்படை விலை அதேதான், வேலையும் அதேதான்.

சில இடங்களும் நிலையானவை. 2 முதல் 4 வரையுள்ள ஏதோ ஒரு தளத்திலிருந்து குள்ளர் சுரங்கம் பிரியும். ஆரக்கிள் என்ற குறிசொல்பவர் 5 முதல் 9-க்குள் ஒரு தளத்தில் இருப்பார். 21-லிருந்து 24-க்குள் மெடூசா தீவு, அதற்கும் கீழே கோட்டை. கற்றது எதுவும் வீணாகாது. சொல்லப்போனால் இந்த ஆட்டத்தில் ஒரு பிறவியிலிருந்து அடுத்த பிறவிக்குக் கூடவே வருவது அது ஒன்றுதான்.

எந்தக் கேரக்டர் எடுத்தா கொஞ்ச நேரமாவது உயிரோட இருக்கலாம்?

மொத்தம் 13 வேடங்கள். முதல் முறை என்றால் வால்கிரி என்ற போர்ப்பெண் வேடத்தை எடுங்கள், அதிலும் குள்ள இனத்து வால்கிரி. நல்ல உடல்வலு, குளிர் தாங்கும் திறன், இருட்டில் பிராணிகளைக் காணும் பார்வை எல்லாம் உண்டு. சுரங்கத்தில் இருக்கும் குள்ளர்களில் பெரும்பாலோர் சொந்த இனத்தவர் என்று சும்மா விட்டுவிடுவார்கள். அடுத்தபடியாகச் சாமுராய்.

சுற்றுலாப் பயணி என்று ஒரு வேடம் உண்டு. பூப்போட்ட சட்டை, கேமரா, பை நிறையப் பணம், சண்டைத் திறமை கிட்டத்தட்டப் பூஜ்யம். கடைக்காரர்கள்கூட ஆளைப் பார்த்தே விலையை ஏற்றுவார்கள். ஆட்டம் நன்றாகப் பழகிய பிறகு எடுங்கள், சிரித்துக்கொண்டே சாகலாம்.

கூடவே ஒரு நாயோ பூனையோ வருதே, அதால என்ன பிரயோஜனம்?

முதல் சில தளங்களில் உங்களைவிட அதுதான் அதிகம் கொல்லும். விட்டுவிட்டு இறங்காதீர்கள். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும்போது படியிறங்கினால் கூடவே வரும்.

இன்னொரு வேலையும் செய்யும். சாபம் பட்ட பொருள் கிடக்கும் கட்டத்தில் அது மனமில்லாமல்தான் கால் வைக்கும். “தயங்கித் தயங்கி நகர்கிறது” என்ற பொருளில் ஒரு செய்தி வரும். தரையில் ஒரு தலைக்கவசம் கிடக்கிறது, நாய் சுற்றிச் சுற்றிப் போகிறது, மேலே ஏற மாட்டேன் என்கிறது என்றால் அதைத் தலையில் மாட்டாதீர்கள். கடைக்குள் கூட்டிப்போனால் பொருளைக் கவ்வி வந்து வெளியே போடும். அப்படி வந்த பொருளுக்குக் கடைக்காரர் காசு கேட்பதில்லை.

தவறியும் கொன்றுவிடாதீர்கள். ஆட்டம் உங்களுக்கு வைத்திருக்கும் அதிர்ஷ்டக் கணக்கில் 5 புள்ளி குறையும். அதனால் என்ன ஆகும் என்பது கடவுளைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே செத்துட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்?

நீல நிறத்தில் சின்ன ஈ (e) என்ற எழுத்துக் குறியைக் கையால் அடித்தீர்களா? அதுதான் மிதக்கும் கண். அது உங்களை ஒருபோதும் தாக்காது, நகர்வதே மெதுவாகத்தான். அதனாலேயே எல்லாரும் போய் ஒரு போடு போடுகிறார்கள். அடித்த கணத்தில் அது உங்களை உற்றுப்பார்க்கும், நீங்கள் பல பத்து டர்ன்கள் உறைந்து நிற்பீர்கள். அந்த வழியாக வரும் ஒரு சாதாரண நரி சாவகாசமாகக் கடித்துக் கொன்றுவிட்டுப் போகும். அதே கண்ணைத் தள்ளி நின்று கத்தி எறிந்து கொன்று, உடலைச் சாப்பிட்டுப் பாருங்கள். தொலையுணர்வு கிடைக்கும். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டால் தளம் முழுவதிலும் மூளை உள்ள பிராணிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று தெரியும். கொல்வதும் கொடுப்பதும் ஒரே பிராணி. இந்த ஆட்டத்தின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது.

அதுவல்ல என்றால் பழைய உடலைச் சாப்பிட்டிருப்பீர்கள். செத்து 50 டர்ன் தாண்டிய உடலைத் தொடாதீர்கள், உணவு விஷமாகி ஆளைக் கொன்றுவிடும். லைக்கன் என்ற பூஞ்சைப் பிராணி, பல்லி இரண்டின் உடல்களும் மட்டும் கெடுவதே இல்லை. மூன்றாவது சாத்தியம், சுரங்கத்தில் சிவப்புக் குள்ளன். கையில் மண்வெட்டியோடு வருபவன் ஆரம்ப நிலையில் இரண்டு மூன்று அடியில் ஆளை முடித்துவிடுவான்.

பெரும்பாலான சாவுகளில் ஒரு பொதுவான விஷயம் உண்டு. உயிர்ப் புள்ளி 8-க்கு இறங்கிய பிறகும் யோசிக்காமல் இன்னொரு முறை அடித்திருப்பீர்கள். ஆட்டம் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. ஆபத்து என்று பட்டால் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையில் இருப்பதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். தப்பிக்கும் வழி பல நேரம் அங்கேயே கிடக்கும்.

சாமி கும்பிட்டா நிஜமாவே காப்பாத்துமா?

காப்பாற்றும். ஆனால் மூன்று நிபந்தனை. ஒன்று, உண்மையான கஷ்டம் இருக்க வேண்டும். உயிர் மொத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்க வேண்டும், அல்லது 5 அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். பசியால் “பலவீனம்” என்று திரையில் வந்தாலும் கஷ்டம்தான். இரண்டு, அடிக்கடி கூப்பிடக் கூடாது. முதல் வேண்டுதலுக்கு 300 டர்ன் தாண்டட்டும். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆயிரம் டர்ன் விட்டால் பயமில்லை. மூன்று, அதிர்ஷ்டம் எதிர்மறையில் இருக்கக் கூடாது. செல்லப்பிராணியைக் கொன்றவர், சும்மா போன அமைதியானவரைக் கொன்றவர் வேண்டினால் அடிதான் விழும்.

பசிக்கு வேண்டுவதை வீண் என்று நினைக்காதீர்கள். முதல் ஆயிரம் டர்னில் உணவைத் தேடி அலைவதைவிடப் பலவீனம் வரும்வரை இருந்து ஒருமுறை வேண்டுவது எவ்வளவோ மேல்.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆடக் கூடாதுன்னு சொன்னாங்களே, சும்மாவா?

சும்மா இல்லை. ஆட்டம் கணினியின் தேதியைப் பார்க்கிறது. அந்த நாளில் அதிர்ஷ்டம் ஒன்று குறைந்தே தொடங்கும். முந்தைய பதிலில் சொன்ன மூன்றாவது நிபந்தனை அதனாலேயே அடிபட்டுப் போகும், கடவுளை நம்ப முடியாது. பௌர்ணமி அன்று அதிர்ஷ்டம் ஒன்று கூடும். அமாவாசை அன்று ஆட்டம் தொடங்கும்போதே எச்சரிக்கும். அன்றைக்குக் காக்கட்ரைஸ் என்ற, ஆளைக் கல்லாக்கும் பிராணியின் சீறல் மிகவும் ஆபத்து, பையில் பல்லி உடல் இருந்தால் தவிர.

பொருள் நல்லதா சாபம் பட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுலபமான வழி பலிபீடம். பொருளை அதன்மேல் போடுங்கள். கறுப்பு ஒளி வந்தால் சாபம், மஞ்சள் ஒளி வந்தால் ஆசி, ஒன்றும் வராவிட்டால் சாதாரணம். பலிபீடம் இல்லையென்றால் நாய் இருக்கிறது, மேலே சொல்லிவிட்டேன். பூசாரி வேடம் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை, பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அது என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. கடையில் விலை கேட்டுப் பாருங்கள். அடிப்படை விலை 20 சார்க்மிட் (ஆட்டத்தில் புழங்கும் நாணயம்) உள்ள சுருள் ஒரே ஒரு வகைதான், பொருளை அடையாளம் காட்டும் சுருள். கையில் ஐந்தாறு ஒரே பெயர்ச் சுருள் சேர்ந்துவிட்டாலும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதுதான் அதிகம் கிடைப்பது.

கடைக்காரர் என்னை உள்ளேயே விட மாட்டேங்கிறார்!

குந்தாலி வைத்திருக்கிறீர்கள். சுவரைக் குடைந்து ஓடிவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். வெளியே வைத்துவிட்டு வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நிலையில் போனாலும் விட மாட்டார். சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். நடு ஆட்டத்துக்கு வந்தவர்களையே அவர்கள் இரண்டு மூன்று டர்னில் முடித்துவிடுவார்கள்.

சுரங்க நகரத்தில் இருக்கும் விளக்குக் கடைக்காரரின் பெயர் எல்லா ஆட்டத்திலும் இஸாக்தான். நெட்ஹேக் குழுவில் இருந்து 1994-இல் காலமான இஸாக் மில்லரின் நினைவு அது. மெழுகுவர்த்திகளை அவரிடமே வாங்கி வையுங்கள், கடைசியில் வரும் சடங்கு ஒன்றுக்கு ஏழு தேவைப்படும். அதே நகரத்துக் கோயில் பூசாரியிடம் உங்கள் அனுபவ நிலையை 400-ஆல் பெருக்கி வரும் தொகையைக் காணிக்கை கொடுத்தால் உடலே கவசமாக இறுகும். ஆரம்பத்தில் நிலை குறைவாக இருக்கும்போதே கொடுப்பது லாபம்.

எல்பெரத்னு தரையில எழுதிட்டு அதுமேல நின்னேன். அப்படியும் அடிச்சுட்டாங்களே?

அந்தச் சொல்லைத் தூசியில் எழுதி அதன்மேல் நின்றால் பெரும்பாலான பிராணிகள் கைகலப்புக்கு வராது. ஆனால் மனிதர்கள், மினோட்டார்கள், கடைக்காரர்கள், காவலர்கள் இதை மதிப்பதில்லை. தூரத்திலிருந்து எறிவதையும் அது தடுக்காது.

பழைய 3.4.3 குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அப்போது அதன்மேல் நின்றுகொண்டே சண்டை போடுவது ஒரு தந்திரமாக இருந்தது. 3.6-இல் அங்கே நின்றபடி நீங்கள் தாக்கினால் எழுத்து அழிந்துவிடும். பிராணி பயந்து ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் எழுத்து அழிய ஏழில் ஒரு வாய்ப்பும் உண்டு. மூச்சு வாங்கவும் தப்பிக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

சோகோபான் போகணுமா, விட்டுடலாமா? கல்லு தள்ளித் தள்ளி வெறுத்துப்போச்சு.

கட்டாயமில்லை. ஆரக்கிள் தளத்தை ஒட்டிய தளத்தில் இருக்கும் இரண்டாவது ஏறுபடிதான் வழி. நான்கு மாடிப் புதிர். உச்சியில் பரிசாக எதிரொளிக்கும் தாயத்து அல்லது எடை குறைக்கும் மாயப்பை கிடைக்கும். இரண்டுமே முழு ஆட்டத்துக்கும் உதவுபவை. வழியில் உணவும் நிறையக் கிடைக்கும். நான் விட மாட்டேன். கல்லை உடைத்துக் குறுக்குவழியில் போனால் அதிர்ஷ்டம் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பைக்குள்ள ஒரு மந்திரக்கோலைப் போட்டேன், பையே வெடிச்சு எல்லாம் போச்சு. இது பக்கா?

பக் இல்லை, விதி. அந்தக் கோல் மந்திர சக்தியை ரத்துசெய்யும் கோல். மாயப்பையும் ஒரு மந்திரம்தானே. அடையாளம் தெரியாத கோலை முதலில் தரையில் எதையாவது கீறிப் பார்த்துச் சோதியுங்கள். பல கோல்கள் அப்போதே தங்களைக் காட்டிக்கொடுக்கும். ரத்துசெய்யும் கோல் தரையில் ஏற்கெனவே எழுதியிருப்பதை மறையவைக்கும். அதனால் முதலில் விரலால் ஏதாவது எழுதிவிட்டு, பிறகு கோலால் எழுதுவது வழக்கம். மறையவைக்கும் கோல்கள் மூன்று உண்டு, மூன்றையுமே பைக்கு வெளியில் வைத்துவிட்டால் கவலையில்லை.

காக்கட்ரைஸைப் பத்தி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசறாங்க?

ஏனென்றால் இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மஞ்சள் சி. வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். சரி, கையுறை போட்டால்? உயிரோடு இருப்பதை அடிக்கலாம், செத்த உடலைத் தூக்கவும் செய்யலாம். தூக்க முடியும் என்றால் ஆயுதமாக வீச முடியுமா? முடியும். எதிரில் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே வீச்சில் சிலையாவார்கள். கண் தெரியாத நிலையில் தரையைத் தடவினால்? அங்கே ஒரு காக்கட்ரைஸ் உடல் இருந்து, கையுறையும் இல்லையென்றால் முடிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழியில் விழுந்தால்? உடல்மேலேயே விழுவீர்கள், கையுறை காப்பாற்றாது. பாரம் அதிகமாகிப் படியில் தடுக்கி உருண்டாலும் அதே கதி.

அதன் சீறலாலோ தொடுதலாலோ மெதுவாக இறுகத் தொடங்கினால் சில டர்ன் அவகாசம் கிடைக்கும். பல்லி உடலைச் சாப்பிட்டாலோ, அமிலப் பிராணியின் உடலைச் சாப்பிட்டாலோ, கடவுளை வேண்டினாலோ தப்பலாம். “டெவ் டீம் (ஆட்டத்தை எழுதும் குழு) எல்லாவற்றையும் யோசித்துவைத்திருக்கிறது” என்று ஆடுபவர்கள் நடுவில் ஒரு சொல்வழக்கு உண்டு. இந்த மாதிரி இடங்களிலிருந்து வந்ததுதான் அது.

விக்கி பார்த்து ஆடறது சீட்டிங்கா?

இல்லை. நெட்ஹேக்கை வெளித் துணையே இல்லாமல் ஜெயித்தவர்கள் மிகச் சிலர். ஆட்டத்துக்குள்ளேயே ஆரக்கிளும் அதிர்ஷ்ட பிஸ்கட்டுக்குள் வரும் சீட்டும் குறிப்புகள் தரும்தான். ஆனால் கடைசிச் சடங்குக்கு என்னென்ன வேண்டும் என்பதையெல்லாம் அவற்றை மட்டும் வைத்துக் கோத்தெடுக்க ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நான் சொல்லும் வழி: ஒரு விஷயம் உங்களைக் கொன்ற பிறகு அதைப் பற்றிப் படியுங்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிட்டால் மிதக்கும் கண் வெறும் பட்டியல் வரியாகிவிடும்.

இந்தப் பழைய ஆட்டத்தை இவ்வளவு புகழறாங்களே, உண்மையிலேயே அவ்வளவு நல்லா இருக்கா?

புகழ் உண்மைதான். டைம் இதழ் 2012-இல் வெளியிட்ட எக்காலத்துக்குமான 100 வீடியோ கேம்கள் பட்டியலில் இது இருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022-இல் தன் சேகரிப்பில் சேர்த்தது. இலவச ஆட்டம், விளம்பரம் கிடையாது, வெளியீட்டு விழா கிடையாது. அதனால் வழக்கமான மதிப்பெண் விமர்சனங்களைவிட, ஆடியவர்கள் வாய்வழியாகப் பரப்பிய பெயர்தான் அதிகம். 2003-இல் வந்த 3.4.3-க்குப் பிறகு 3.6.0 வர 2015 ஆனது. நடுவில் இருந்த 12 ஆண்டும் கூட்டம் கலையவில்லை. பொதுச் சர்வர்களில் ஆடிக்கொண்டும், சொந்தமாகக் கிளைப் பதிப்புகள் எழுதிக்கொண்டும் இருந்தார்கள்.

குறைகளும் உண்மைதான். இடைமுகம் புதியவரை வாசலிலேயே துரத்துகிறது. தெரியாத விதிக்காக உயிரை வாங்குவது நியாயமா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கல்லாவது நியாயம், தடயம் இருக்கிறது. ஆனால் சில திடீர்ச் சாவுகள் வெறும் பகடை. கோட்டைக்குக் கீழே வரும் கெஹன்னா பகுதி முக்கால்வாசி ஒரே மாதிரிப் புதிர்வழிகள்தான், பழம் ஆட்டக்காரர்களே அலுத்துக்கொள்ளும் இடம். முதல் பத்துத் தளங்களில் இருக்கும் அடர்த்தி அங்கே இல்லை. டன்ஜன் க்ரால் ஸ்டோன் சூப் போன்ற ஆட்டங்கள் இந்தக் குறைகளைப் பார்த்தே, வெளிக்குறிப்பு தேவைப்படும் விஷயங்களையும் சலிப்பான வேலைகளையும் வெட்டிக்கொண்டே வந்தன. அவை நேர்த்தியானவை. ஆனால் நெட்ஹேக்கின் கோணங்கித்தனம் அவற்றில் கிடைக்காது.

ஹேடிஸ் மாதிரி புது கேம்களையும் ரோக்லைக்னுதானே சொல்றாங்க?

சொல்கிறார்கள். ரோக் ஆட்டத்தின் சாயலில் வந்தவற்றுக்கான பெயர் அது. 2008-இல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குநர் மாநாடு, டர்ன் முறை, கட்டங்கள், நிரந்தர மரணம், தற்செயலாக அமையும் தளங்கள் என்று அடையாளங்களைத் தொகுத்தது. அதன்படி ஹேடிஸ் தள்ளித்தான் நிற்கும். இறந்தாலும் பலம் சேர்ந்துகொண்டே போவதால் அதைப் பலரும் ரோக்லைட் என்பார்கள். இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

ஏ.ஐ. இதை ஜெயிச்சிருக்குமே இந்நேரம்?

நினைப்பதுபோல் சுலபமாக இல்லை. ஃபேஸ்புக்கின் ஆய்வுக் குழு 2020-இல் நெட்ஹேக்கை ஏ.ஐ. பயிற்சிக்களமாக மாற்றி வெளியிட்டது. 2021-இல் நியூரிப்ஸ் என்ற ஏ.ஐ. ஆய்வு மாநாட்டை ஒட்டி ஒரு போட்டியும் நடந்தது. அதில் நரம்பு வலைப்பின்னல்களைவிட, மனிதர்கள் விதிவிதியாக எழுதிய நிரல்கள்தான் முன்னணியில் நின்றன. தாயத்தோடு திரும்பியது எதுவும் இல்லை. அதற்கு முன்பே பாட்ஹேக் என்ற நிரல் 3.4.3-ஐ ஜெயித்தது உண்டு. அதுவும் ஆட்டத்தை அறிந்த ஒருவர் விதிகளைக் கையால் எழுதிக்கொடுத்ததுதான்.

செத்த இடத்துல என் பழைய கேரக்டரோட பேய் நிக்குது. அந்தப் பொருளையெல்லாம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பெரும்பாலானவை சாபம் பட்டிருக்கும். பலிபீடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகே மாட்டுங்கள். பேய் மிக மெதுவாக நகரும், அதைவிட்டு விலகுவது சுலபம். உங்களைக் கொன்றது எதுவோ அதுவும் அதே தளத்தில் காத்துக்கொண்டிருக்கலாம், அதைத்தான் முதலில் தேட வேண்டும். பொதுச் சர்வரில் என்றால் அடுத்தவர்களின் மிச்சங்களும் எதிரில் வரும்.

தாயத்து கையில வந்தாச்சு. ஏன் இன்னும் ஆட்டம் முடியல?

பாதிதான் வந்திருக்கிறீர்கள். இனி மேலே ஏற வேண்டும். தாயத்தோடு கெஹன்னாவில் படியேறும்போது ஏதோ ஒரு சக்தி அவ்வப்போது கீழே தள்ளிவிடும். யெண்டோரின் மந்திரவாதி எத்தனை முறை கொன்றாலும் எழுந்து வருவான், தாயத்தைத் திருடவும் பார்ப்பான். இங்கே வேண்டுதலும் உதவாது, கெஹன்னாவில் கடவுளைக் கூப்பிடுவதே ஆபத்து. முதல் தளத்துப் படியையும் தாண்டினால் மண், காற்று, நெருப்பு, நீர் என்று நான்கு உலகங்கள். கடைசியில் விண்ணுலகம்.

விண்ணுலகில் மரணம், பஞ்சம், கொள்ளைநோய் என்று மூவர் நிற்பார்கள். மூன்று பெரிய பலிபீடங்கள் இருக்கும், மூன்று கடவுள்களுக்கும் ஒவ்வொன்று. எது யாருடையது என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ஒவ்வொரு ஆட்டத்திலும் இடமும் மாறும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் கால் வைத்ததும் பூசாரி எந்தக் கடவுளைச் சேர்ந்தவர் என்பதையும் கவனியுங்கள்.

தப்பான பலிபீடத்துல படைச்சுட்டா?

ஆட்டம் அத்தோடு முடிந்தது. நீங்கள் சாவதில்லை, அவமானத்தோடு தப்பித்தீர்கள் என்று கணக்கில் எழுதப்படும், வெற்றியாகச் சேராது. ஐம்பதாயிரம் டர்ன் உழைப்பும் ஒரே விசையில் போய்விடும். அதனால் படைப்பதற்கு முன் பலிபீடத்தின்மேல் நின்று, காலடியில் இருப்பதைப் பார்க்கும் விசையான கோலன் (:) குறியை அழுத்தி, கீழே இருப்பது உங்கள் கடவுளின் பெயர்தானா என்று படித்துக்கொள்ளுங்கள். சுற்றி எத்தனை தேவதூதர்கள் அடித்துக்கொண்டிருந்தாலும் அதைப் படிக்க ஒரு டர்ன்கூடப் போகாது.